உள்ளே ஓடாத மேனேஜர்

டிவிஎஸ் ஃபிஃப்டியை ஸ்டாண்டில் போடும்போதே தெய்வசிகாமணியின் முகம் மேலே போய்விடும். ஐஸ் பிளான்ட் கூரையில் மூங்கில் கழி ஒன்று நிற்கிறது. அதன் நுனியில் கட்டிய சேலைக் கிழிசல் எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பார். மூக்கை ஒருமுறை உறிஞ்சுவார். அதன் பிறகுதான் வண்டிச் சாவியை உருவுவார். சேலை அவர் மனைவி சாந்தியுடையது. "எம் பொடவைய ஊரே அண்ணாந்து பாக்குதுன்னு வீட்ல சண்ட" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது அந்த பிளான்ட். விசைப்படகுகளுக்கும் வீராம்பட்டினத்து மீன்கார அம்மாக்களுக்கும் அங்கிருந்துதான் ஐஸ் போகிறது. நாள் முழுக்க பனிக்கட்டி நடுவில் நிற்கும் மேனேஜர் தெய்வசிகாமணி குளிர்ந்த தண்ணீர் குடிப்பதில்லை. தோளில் ஃபிளாஸ்க், அதில் சீரகம் போட்ட வெந்நீர். பழைய அமோனியா கம்ப்ரஸருக்கு அவர் வைத்த பெயர் மேடம். "மேடம் இன்னிக்குக் கொஞ்சம் கொதிச்சுக் கெடக்குறாங்க. யாரும் கிட்டப் போயி வம்பு வளக்காதீங்க" என்பார்.

மேடத்தைப் பார்க்க மாதம் ஒருமுறை ரெட்டியார்பாளையத்து சர்வீஸ் கம்பெனியிலிருந்து சரிதா வருவாள். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள், பேச்சு குறைவு. வேலை முடிந்த பிறகும் உடனே கிளம்பாமல் மேனேஜரைப் பார்த்தபடி இருப்பாள். அதற்குக் காரணம் இருந்தது.

அவள் அப்பா கோவிந்தசாமி கடலூர்ப் பக்கத்தில் ஓர் ஐஸ் பிளான்டில் ஆபரேட்டர். போன ஆடியில், கம்ப்ரஸர் எண்ணெயை வடிக்கும்போது எண்ணெயோடு அமோனியாவும் பீறிட்டது. வால்வு திரும்ப மூடவில்லை. அந்த பிளான்டின் மேனேஜர் நல்ல மனிதர். ஒரு நொடிகூட யோசிக்காமல் அப்பாவைத் தூக்க உள்ளே ஓடினார். அவர் பின்னாலேயே மற்றவர்களும் ஓடினார்கள். புகையை அடக்க வெளியிலிருந்து தண்ணீரைத் திறந்துவிட ஆளில்லை. உள்ளே போனவர்கள் தட்டுத்தடுமாறி வந்துவிட்டார்கள். அப்பா வரவில்லை. அந்த மேனேஜரை சரிதா குறை சொன்னதில்லை. காரியத்துக்கு வந்த அவருடைய கண்கள் அப்போதும் சிவந்துதான் இருந்தன. ஆனால் அன்றிலிருந்து எந்த பிளான்டுக்குப் போனாலும் மெஷினுக்கு அடுத்தபடியாக அவள் கவனிப்பது மேனேஜரைத்தான்.

தெய்வசிகாமணியும் ஒரு காலத்தில் உள்ளே ஓடியவர்தான். ஈரத் துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு போய் வால்வை மூடியதற்காக முதலாளி அவருக்குச் சால்வை போட்டிருக்கிறார். அந்த போட்டோ ஆபீஸ் சுவரில் வெகுநாள் தொங்கியது. இன்ஷூரன்ஸ்காரர்கள் வற்புறுத்தியதால், மேனேஜர்களுக்கான பாதுகாப்புப் பயிற்சி என்று காலாப்பட்டுப் பக்கம் ஓர் ஓட்டலுக்கு அவரை அனுப்பினார்கள். முணுமுணுத்துக்கொண்டே போனார்.

"அங்க என்ன சார் சொல்லிக் குடுத்தாங்க?" என்று சரிதா ஒருநாள் கேட்டாள்.

"மொத நாளு தூங்கிட்டேன்மா. ஏசி, வத்தக்கொழம்பு. ரெண்டாம் நாளு ஒரு சின்னப் பையன் வந்தான், மீசகூட சரியா மொளைக்கல. ஒங்க பிளான்ட்ல கேஸ் லீக் ஆனா நீங்க எங்க நிப்பீங்கன்னான். உள்ளதான்னு அத்தினி மேனேஜரும் நெஞ்ச நிமித்திச் சொன்னோம். அப்ப வெளியில யாரு சார்னான்."

"அப்புறம்?"

"அப்புறம் எங்க தூங்குறது?"

திரும்பி வந்ததும் சால்வை போட்டோவைக் கழற்றினார். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து சாமி அலமாரியில் ஏற்றியிருந்த கேஸ் முகமூடிகளை இறக்கித் துடைத்து, வெளிச் சுவரில் மாட்டினார். கம்ப்ரஸர் ஷெட்டின் மெயின் ஸ்விட்சையும் தண்ணீர்க் குழாயின் திருகுபிடியையும் வாசலுக்கு வெளியே கொண்டுவந்தார். லீக் என்றால் வெளியே ஓடிப் பழகத் தனியாக நேரம் ஒதுக்க முதலாளி சம்மதிக்கவில்லை. அமாவாசைதோறும் கேட்டில் பூசணிக்காய் உடைப்பார்கள்; அதற்கு மட்டும் எப்படியும் எல்லோரும் வேலையை நிறுத்துவார்கள். தெய்வசிகாமணி அதைப் பிடித்துக்கொண்டார். காய் உடைந்த சத்தம் கேட்டதும் அவரவர் நிற்கும் இடத்திலிருந்து வெளியே ஓடி, காற்று வரும் பக்கமாகப் போய் நிற்கவேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்கள் இதையும் திருஷ்டிச் சடங்கில் சேர்த்துக்கொண்டார்கள். அவர் திருத்தவில்லை.

அவரோடு முறைத்துக்கொண்டு திரிந்தவன் நாகராஜ் ஒருவன்தான். மேடத்தின் ஆபரேட்டர், கெட்டிக்காரன். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து அவன் மனைவி துர்கா மாசமாக இருந்தாள். வழக்கப்படி அவன் முகத்தில் கத்தி படாமல் தாடி விட்டிருந்தான். தாடி மேல் முகமூடி ஒட்டாது, இடைவெளியில் கேஸ் புகுந்துவிடும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். சவரம் செய்யச் சொல்லும் மனசு தெய்வசிகாமணிக்கு இல்லை. லீக் என்றால் தாடி போகும்வரை நாகராஜ் உள்ளே போகக்கூடாது என்று மட்டும் சொன்னார்.

"எம் மெஷினுக்கு நான் போவாம எவன் சார் போவான்?"

"செல்வகுமார் போவான். தணிகாசலம் போவான்."

"அவனுங்களுக்கு வால்வுக்கும் வடைக்கும் வித்தியாசம் தெரியாது."

"சொல்லிக் குடு."

வேண்டாவெறுப்பாகத்தான் சொல்லிக்கொடுத்தான்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்த அன்று சரிதாவும் பிளான்டில் இருந்தாள். கேட்டுக்கு வெளியே வண்டிகள், படகுக்காரர்கள், கூடையோடு மீன்காரிகள். எல்லோரும் ஐஸுக்காகக் கத்திக்கொண்டிருந்தார்கள். உச்சி வெயிலில் ஷெட்டுக்குள் மேடம் ஒருமுறை சீறியது. வாசல் வழியாக வெள்ளைப் புகை தள்ளியது. நெடி கண்ணைக் குத்தியது.

உள்ளே இருந்தவர்கள் பூசணிக்காய் உடைத்தது போலவே வெளியே ஓடிவந்தார்கள். நாகராஜும் வந்தான். ஆனால் வாசல் தாண்டியதும் இடுப்புத் துண்டை அவிழ்த்துத் தொட்டியில் முக்கிப் பிழிந்து, வந்த வழியே திரும்பினான். தெய்வசிகாமணி மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு எட்டிப் பாய்ந்து அவன் சட்டையின் முதுகைக் கொத்தாகப் பிடித்தார்.

"வுடு சார். ரெண்டே நிமிசம். மெயின் வால்வ மூடிட்டு வந்துடறேன்."

"போவக்கூடாது."

"கேஸ் பூரா போவுது சார்!"

"போவட்டும்."

கேட்டிலிருந்து ஒரு படகுக்காரர் கத்தினார்: "யோவ் மேனேஜரு, அவன் ஆம்பளையா போறான். நீ என்னாத்துக்கு மறிக்கிற?"

மீன்காரி தனக்கொடியம்மா யாரிடம் கோபம் வந்தாலும், பிரெஞ்சுக்காரத் துரையைக் கூப்பிடுவது போல முசே என்றுதான் அழைப்பாள். "என்னா முசே, ஒன் மேடம் அங்க மூச்சு வுட முடியாம கெடக்குது. நீ நெழல்ல நின்னுகினு வேடிக்க பாக்குற. ஐஸ் இல்லன்னா எம் மீன ஒந் தலைலயா கொட்றது?"

கூட்டம் சிரித்தது. தெய்வசிகாமணியின் காது மடல் சிவந்தது. அவர் அண்ணாந்து சேலைக் கிழிசலைப் பார்த்தார். "எல்லாரும் கோயில் பக்கம் போங்க! புகை ரோட்டுக்கு வருது!" என்று கத்தினார். செல்வகுமாரும் தணிகாசலமும் சுவரிலிருந்த முகமூடிகளை மாட்டிக்கொண்டிருந்தார்கள். செல்வகுமாரின் வார் முறுக்கியிருந்தது. "திருப்பிப் போடு. அவசரமில்ல" என்றார். அவர் குரலில் அவசரம் இருந்தது.

அப்புறம் சரிதாவைப் பார்த்தார். "சரிதாம்மா, தண்ணி!"

சரிதா அசையவில்லை. அவள் கண் அந்த வெள்ளை வாசலிலேயே நின்றது. "தண்ணிம்மா!" என்று அவர் மறுபடி கத்தியதும் கை தானாகக் குழாயின் திருகுபிடியைத் தேடியது. இரண்டு கையாலும் திருகினாள். வாசலின் மேலிருந்த துளைக்குழாயிலிருந்து தண்ணீர் திரையாக இறங்கியது. புகை அதில் பட்டுத் தாழ்ந்தது. முகமூடி போட்ட இருவரும் அந்தத் திரையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

நாகராஜ் திமிறினான். "எடது பக்கம்டா! செவப்புச் சக்கரம்! மூடுற பக்கம் திருப்புடா செல்வா!" என்று கத்தினான். வார்த்தைக்கு வார்த்தை முன்னால் பாய்ந்தான். தெய்வசிகாமணி குதிகாலைத் தரையில் ஊன்றிப் பின்னால் சாய்ந்து நின்றார். சட்டையில் ஒரு தையல் விட்டது. அவனைக் கட்டி இழுக்கவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. வாசலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சீறல் மெலிந்து நின்றது. முதலில் தணிகாசலம் வந்தான், பின்னால் செல்வகுமார். முகமூடியைக் கழற்றி, நனைந்த முகத்தோடு நாகராஜைப் பார்த்து, "வடைய மூடிட்டேண்ணே" என்றான் செல்வகுமார்.

ஐஸ் அன்று பாதிப் பேருக்குத்தான் கிடைத்தது. மற்றவர்கள் வேறு பிளான்டுக்குப் போனார்கள், போகும்போது திட்டிக்கொண்டே போனார்கள். முதலாளி போனில் கத்தியதை எல்லோரும் கேட்டார்கள். தெய்வசிகாமணி இடது கையால் போனைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் இருக்காங்க சார்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

டீ வந்தது. சரிதா தண்ணீரை அடைத்துவிட்டு வந்தாள். நெடியில் இன்னும் கண் எரிந்தது. துடைத்துக்கொள்ள அவளுக்கு அது போதுமான சாக்கு.

"சட்டைய வுடு சார். டீ குடிக்கணும்" என்றான் நாகராஜ்.

தெய்வசிகாமணி தன் வலது கையை யாருடையதோ போலக் குனிந்து பார்த்தார். விரல்கள் வெளுத்து, கிழிந்த துணிக்குள் இறுகிக் கிடந்தன. இடது கையால் ஒரு டம்ளரை எடுத்து நாகராஜிடம் நீட்டினார். வலது கையை எடுக்கவில்லை.