மூணாவது பேரிங்குக்கு வெச்ச சந்தனம்

கப்பல் எஞ்சினைக் கொண்டுபோய் மலை மேல வெச்சிருந்தாங்கன்னு சொன்னா சிரிப்பீங்க. ஐம்பதுகள்ல நடந்ததுங்க இது. கொச்சித் துறைமுகத்துல கழிச்சுப் போட்ட எஞ்சினை வாங்கி, தேவிகுளத்துக்கு மேல ஒரு தேயிலை பேக்டரியில இலை உருட்டற மெஷின்களுக்குப் பூட்டியிருந்தாங்க. நான் வடகரப்பதிக்காரன், கோயமுத்தூர்ல ஒரு ஒர்க்‌ஷாப்புல பிட்டர். அந்த எஞ்சின்ல மூணாவது பேரிங் உள்பூச்சு உருகி எங்ககிட்ட வந்துச்சு. புதுசா வெள்ளீயம் ஊத்தி, சுரண்டிப் பதம் பார்த்து அனுப்புனது நாந்தான். பத்து நாள் ஓடுனப்புறம் திறந்து பார்த்து எழுதிக் குடுக்கச் சொல்லி என்னையவே அனுப்புனாங்க.

போய் எறங்குன அன்னிக்கே எஞ்சின் டிரைவர் சங்கதி காதுல விழுந்துச்சு. திருநெல்வேலிப் பக்கத்து வேதக்காரர், கிறிஸ்தவருங்க, அதிர்ந்து பேசாத மனுசன். எண்ணெய் ஊத்தாமத் தூங்கிட்டார்னு பழி போட்டு வேலையை விட்டு நிறுத்தி வெச்சிருந்தாங்க. என் ரிப்போர்ட் வர்ற வரைக்கும் எஸ்டேட் குடுத்த லைன் ஊட்டுல இருந்துக்கலாம். தப்பு அவர் மேலன்னு வந்தா பொண்டாட்டி புள்ளைகளோட மலையிறங்கோணும்.

பேரிங் மேல்மூடியைக் கழட்டித் தூக்குனேன். கருகுன எண்ணெய் நாத்தம் குப்புன்னு அடிச்சுது. கண்ணாடியாட்டம் சுரண்டி அனுப்புன பூச்சு மறுபடி இழுபட்டுச் சொறி புடிச்சுக் கெடக்குது. அட கருமமே! இந்தப் பத்து நாளும் டிரைவர் அந்தப் பக்கமே வரலீங்க, எண்ணெய் ஊத்துனது வேற ஆளு. பேரிங்குக்கு மேல இருக்கற பித்தளைக் கிண்ணத்துல எண்ணெய் தளும்பிட்டு நிக்குது. அப்ப எண்ணெய் இருக்கு, கீழதான் எறங்கல. கிண்ணத்துல இருந்து கீழ போற குழாய்க்குள்ள கம்பியை உட்டுக் குத்துனேன். மஞ்சளும் செவப்புமாக் கட்டி கட்டியா வந்துச்சு. மோந்து பார்த்தா சந்தனமும் குங்குமமும்.

பேக்டரிக்குப் பெரியவர் டீமேக்கர். வெள்ளிக்கிழமை தவறாம எஞ்சினுக்குப் பூஜை போடுவார். அவர் நிக்கற எடத்துக்கு நேரா இருக்கறது மூணாவது கிண்ணம், அதுக்கு மூடி வேற தொலைஞ்சு போச்சு. விளிம்புல அப்புன சந்தனம் காயும், எஞ்சின் ஆடுற ஆட்டத்துல உதுந்து உள்ள உழுகும். அடுத்த வெள்ளிக்குப் பழசு மேலயே புதுசு.

உள்ளங்கையில வெச்சு அவர்கிட்டக் காட்டுனேன். மூஞ்சியில ஒரு மாத்தமும் இல்லீங்க. அதைக் கீழ போடச் சொன்னார், எண்ணெய் பத்தலைன்னு எழுதச் சொன்னார். எண்ணெய்க்குக் கொறைவே இல்லைன்னேன். அப்பத்தான் கேட்டார்:

"அப்ப சாமி கெடுத்துச்சுன்னு எழுதுவீங்களா, மேஸ்திரி?"

எங்க ஒர்க்‌ஷாப்புல வெள்ளிக்கிழமை லேத்துக்குப் பொட்டு வெக்கறவனே நாந்தான். சந்தனத்தால கெட்டுச்சுன்னு எழுதக் கை கூசிச்சு. கடைசியில, எண்ணெய்க் குழாயில் அழுக்கு அடைத்திருந்ததுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய்யும் சொல்லல, டீமேக்கரையும் காட்டிக் குடுக்கல, டிரைவரும் பொழைச்சுக்குவார்னு எனக்குள்ள ஒரு பெருமை வேற. தூ, நானெல்லாம் ஒரு மனுசன்!

எஸ்டேட் மேனேஜர் தொரை அதைப் படிச்சுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: குழாயைச் சுத்தம் பண்ணறது யார் வேலை? டிரைவர் வேலை. கதை முடிஞ்சுது.

மறுநாள் நான் அந்த பேரிங்கை மறுபடி சுரண்டிட்டு இருக்கறப்ப டிரைவர் வாசல்ல வந்து நின்னார். தலையில தகரப்பொட்டி. பின்னால அந்தம்மாவும் ரெண்டு கொழந்தைகளும். குழாய்ல என்ன இருந்துச்சுன்னு கேட்டார். மறைக்க மனசு வரலீங்க, உள்ளதைச் சொல்லிப்போட்டேன்.

"நான் துடைக்கப் போனப்ப, சாமிக்கு வச்ச சந்தனம், நீ தொடாதேன்னு டீமேக்கர் சொன்னாவ. இப்ப அத அழுக்குன்னு எழுதிட்டியளே, அண்ணாச்சி."

கோவமாக்கூடச் சொல்லல. சொல்லிட்டு பஸ் நிக்கற பக்கம் நடந்துட்டார். தொரை பங்களா கூப்புடு தூரத்துலதான் இருந்துச்சு. நான் போகலீங்க.