மாமாவை நான் சாகடித்த காலை

எங்கள் வீட்டில் சுவரிலிருந்து பல்லி விழுந்தால் முதலில் கட்டில்மேல் ஏறுவது நான்தான். மனைவி துடைப்பத்தைத் தேடுவாள், மகள் செல்போனில் என்னைப் படம் பிடிப்பாள். வயது ஐம்பதை நெருங்குகிறது. பதற்றம் மட்டும் ஒன்பது வயதிலேயே நின்றுவிட்டது. அந்த ஒன்பதாவது வயதில்தான், உயிரோடு இருந்த ஒரு மனிதரை நான் சாகடித்து, ஊரையே அழவைத்து, ஏரிக்குப் போன படகுகளையும் திரும்ப வரவழைத்தேன்.

செத்தவர் என் மாமா. என் நைனாவின், அதாவது அப்பாவின், தங்கையைக் கட்டியவர். பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் குப்பத்துக்கு வலை பிடிக்காத ஒரே மருமகன். மெட்ராசுக்கும் கல்கத்தாவுக்கும் லாரி ஓட்டினார். கடலுக்குப் போனவன் வரத் தாமதமானால் எங்கள் குப்பமே அம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றும். ரோட்டில் போனவன் தாமதமானால் அதே குப்பம் அவனுக்கு ஒரு வைப்பாட்டியை ஏற்பாடு செய்துவிடும். லாரிக்காரன் என்றால் குடிப்பான், ஊருக்கு ஒரு வீடு வைத்திருப்பான், பிள்ளை பிடிப்பான். நான் சோறு தின்னாமல் அடம்பிடித்தால் அம்மா, "லாரிக்காரன்கிட்ட புடிச்சிக் குடுத்துடுவேன்" என்பாள். லாரிக்காரர் நம்ம மாமாதானே என்று எனக்கு உறைப்பதற்குள் சோறு உள்ளே இறங்கியிருக்கும்.

மாமா ஒரு மாதத்துக்கும் மேலாக வீட்டுக்கு வரவில்லை. அத்தை துணி மூட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆந்திர எல்லையில் இருக்கும் எளாவூர் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் அவருக்கு இன்னொரு குடும்பம் இருப்பதாக யாரோ சொன்னதை யாரோ கேட்டுவந்து சொன்னார்கள். இரண்டே நாளில் அந்தப் பெண்ணின் மூக்குத்தி எந்தப் பக்கம் என்பதுவரை குப்பத்துக்குத் தெரிந்திருந்தது. நைனா ஊர்க்கூட்டத்தில் முறையிட்டார். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் மாப்பிள்ளை நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும், வராவிட்டால் கல்யாணத்தை அத்துவிட்டுவிடுவது என்று முடிவாகி, வேறு லாரிக்காரர்கள் மூலம் அவருக்குச் சேதி போனது. அத்தையை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த ஞாயிறு காலை, ஆண்கள் ஏரிக்குப் போன பிறகு, நான் ஒரு தனிப்பட்ட அவசரத்தை முன்னிட்டுப் பனைமரங்களுக்கு அப்பால் போனேன். அங்கே ஒரு லாரி நின்றிருந்தது. மாமாவின் லாரி. ஓட்டுகிற இடத்தில் ஆள் இல்லை. குனிந்து பார்த்தேன். லாரிக்கு அடியில், இரண்டு பக்கக் கம்பிகளுக்கும் நடுவே போர்வையைத் தூளி மாதிரி கட்டி, அதில் ஒரு உருவம் தொங்கிக்கொண்டிருந்தது. போர்வைக்கு வெளியே இரண்டு கால்கள் நீட்டியிருந்தன.

அந்தக் கால்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் முகத்துவாரத்தில் ஒருவரின் உடல் ஒதுங்கியிருந்தது. சிறுபிள்ளைகளை விரட்டினார்கள், ஆனால் பாய்க்கு வெளியே கிடந்த பாதங்களை நாங்கள் பார்த்துவிட்டோம். உப்பி, வெளுத்து, தோல் ஊறிச் சுருங்கி, விரல்கள் சதைக்குள் புதைந்து. தண்ணீரில் போனவர் கால் எப்படி இருக்கும் என்பது எங்கள் குப்பத்தில் எந்தப் பிள்ளைக்கும் தெரியும். லாரிக்கு அடியில் தொங்கியவை அதே கால்கள்.

முகத்தைப் பார்த்தேன். மாமாதான். கண்கள் பாதி திறந்து, மணிகள் மேலே செருகியிருந்தன. உதட்டோரம் ஒரு ஈ சாவகாசமாக நடந்துகொண்டிருந்தது.

ஏரி அங்கிருந்து எவ்வளவு தூரம், தண்ணீரில் செத்தவர் லாரிக்கு அடியில் எப்படித் தொங்குவார் என்றெல்லாம் ஒரு புத்திசாலிப் பிள்ளை யோசித்திருக்கும். நான் வந்த அவசரத்தை ஓடும்போதே டவுசரில் முடித்துக்கொண்டு கத்தினேன். "மாமா செத்துட்டாரு! மாமா செத்துட்டாரு!"

கரையில் பிணம் இருந்தால் எங்கள் ஏரியில் யாரும் வலை இறக்கக் கூடாது. யாரோ படகுமேல் ஏறி வெள்ளை வேட்டியை வீசினார்கள். பாதி இறக்கிய வலைகளைச் சுருட்டிக்கொண்டு ஆண்கள் கரைக்குத் திரும்பினார்கள். அதற்குள் அத்தை தலைவிரிகோலமாக ஓடிப்போய் லாரிச் சக்கரத்தில் முட்டிக்கொண்டிருந்தாள்.

"எஞ்சாமி! ஒரு வார்த்த சொல்லாம பூட்டியே! சனியன் புடிச்ச ரோடு உன்ன தின்னுட்ச்சே!"

கூடவே இருபது பெண்கள். அந்தச் சத்தத்தில் பிணம் எழுந்து, மேலே இருந்த இரும்பில் நெற்றியை இடித்துக்கொண்டு, தூளியோடு கீழே விழுந்து, நான்கு காலில் தவழ்ந்து வெளியே வந்தது. நான் என் வாழ்வின் மிக நீளமான அலறலை அப்போதுதான் அலறினேன்.

மாமா எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். மனைவி மார்பில் அடித்துக்கொள்கிறாள், ஊரே அழுகிறது. நைனாவைத் தேடினார். நைனா இருந்தார். "இன்னா மச்சான் ஆச்சி? யாரு பூட்டாங்க?" என்று கேட்டபடி துண்டை வாயில் பொத்திக்கொண்டு மாமாவும் அழத் தொடங்கிவிட்டார்.

கடைசியில் ஊர்ப் பெரியவர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "நீதாம்பா."

முதலில் சுதாரித்தவர் எதிர்வீட்டுச் சித்தப்பா. ஏரியில் இறால் நன்றாகப் படும் இடங்களில் முறை வைத்துத்தான் வலை போட வேண்டும். அதைப் பாடு என்போம். அன்று அவருடைய முறை. "எம் பாடு போச்சே! திரும்ப என் மொற எப்ப வர்றது? டேய், சாவறதுன்னா ஒழுங்கா செத்தாவது தொலைய வேணாமா?" என்று மாமாமேல் பாய்ந்தார். அம்மா என் முதுகில் பாய்ந்தாள்.

"கண்ணு எப்டி செவந்துகீது பாரு. காலைலயே ஊத்திகினு வந்து கெடக்கறான்," என்றார் நைனா. சித்தப்பா மாமாவின் வாயருகே மூக்கை நீட்டி முகர்ந்துவிட்டு அடுக்கடுக்காகத் தும்மினார்.

"பச்ச மொளகா," என்றார் மாமா. "மென்னுகினே ஓட்டனா தூக்கம் வராது. அதுவும் பத்தலன்னா கிள்ளி கண்ணுல தேச்சிப்பேன்."

நைனா விடவில்லை. "எளாவூர்ல யார வச்சிகினுகீற? அத்த சொல்லு மாப்ள."

"எளாவூர்லயா? க்யூவத்தான் மச்சான் வச்சிகினுகீறேன். ராவும் பகலும் நிக்கும். முன்னாடி வண்டி ஒரு அடி நவுந்தா நானும் நவுத்தணும். எறங்கித் தூங்கனா திருட்டுப் பசங்க தார்ப்பாய அறுத்துடுவானுங்க. மெட்ராஸ்ல எறக்கனதும் வூட்டுக்குப் போறேன்னு சொன்னேன். கம்பிய ஏத்தி கல்கத்தாவுக்கே திருப்பி அனுப்பறாங்க. ஒவ்வொரு தபாவும் நம்மூருக்குத் திரும்பற பொன்னேரி கூட்ரோட்ட பாத்துகினேதான் போறேன். இன்னிக்கித்தான் திருப்பிட்டேன். கூட்டத்துக்கு முன்னால கொஞ்சம் கண்ண மூடலாம்னு..."

ஊர்ப் பெரியவர் அவர் கால் பக்கம் உட்கார்ந்தார். "இது இன்னாப்பா இப்டி ஊறிக்கீது?"

"இஞ்சின் சூடு தாங்கல. ஈரச் சாக்கு சுத்திகினு ஓட்டுவேன்."

பெரியவர் பாதத்தில் கட்டைவிரலை வைத்து அமுக்கினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. எத்தனையோ உடல்களைக் கரையேற்றிய மனிதர் அவர். அந்தக் குழி மூடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அது மூடவில்லை. சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராக வேறு பக்கம் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"பையன் மேல தப்பில்ல," என்றார் பெரியவர்.

அவருக்கு என்மேல் இரக்கம் என்று நினைத்து நான் உடனே அழுகையை நிறுத்திக்கொண்டேன்.

அவர் அத்தையிடம் திரும்பினார். "நீ இன்னாம்மா சொல்ற? அத்துவுட்டுடலாமா?"

அத்தை மாமாவைப் பார்த்துக் கேட்டாள். "கிளீனர் எங்க?"

"ஓடிட்டான். இந்த ஓட்டத்துக்கு எவன் நிப்பான்? பேச்சுக் குடுக்க ஆளு இருந்தாக்கூட கண்ணு சொக்காது. ஒண்டியா போறதுதான் பேஜாரு."

"இப்பவே கெளம்பணுமா?"

"இப்பவே லேட்டு. வுட்டா வண்டிய வேற ஆளுகிட்ட குடுத்துடுவாங்க."

"தூங்கிட்டுப் போ மாப்ள," என்றார் நைனா. குரலில் பழைய வேகம் இல்லை. ஏதோ நல்ல ஜோக் கேட்ட மாதிரி மாமா சிரித்தார்.

அத்தை வீட்டுக்குப் போனாள். முகம் கழுவி, தலையை முடிந்துகொண்டு, தூக்குப் பாத்திரத்தில் கஞ்சியோடு வந்தாள். நேராக லாரியின் இடப்பக்கக் கதவைத் திறந்து மேலே ஏறி உட்கார்ந்துவிட்டாள். நைனா ஒரு அடி முன்னால் வைத்தார். பெரியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு வயிறு எரிந்தது. கல்கத்தா! டிராம் வண்டி, பெரிய பாலம், எல்லாம் அவளுக்குத்தான். மாமாவைக் கண்டுபிடித்தது நான், உதை வாங்கியது நான், ஊர் சுற்றப் போவது அவளா? கதவைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். அத்தை என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

லாரி புறப்பட்டது. புழுதியைக் குடித்துக்கொண்டு பக்கத்திலேயே ஓடிக் கையாட்டினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. மாமாவின் முகத்தையே பார்த்தபடி, மூச்சுவிடக்கூட நேரமில்லாதவள் மாதிரி பேசிக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து தூக்கி வளர்த்த பிள்ளைக்குக் கையாட்டக்கூட முடியாமல் அப்படியென்ன பேச்சு வேண்டிக்கிடக்கிறது என்று, லாரி கண்ணுக்கு மறையும்வரை ரோட்டில் நின்று அவளைத் திட்டித் தீர்த்தேன்.