மஞ்சளாக வந்த முதல் பால்

நாற்பத்தேழு வயதில் தகப்பனான நான், என் மனைவியின் முதல் பாலைப் பழுது என்று சொன்னவன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. பேசாலைக் கரையில் இருபது வருடமாக மீனைப் பார்த்து நல்லது, பழுது என்று சொல்லிப் பழகிய கண் அது.

ஆஸ்பத்திரியில் மகள் பிறந்து அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. பிள்ளையின் நிறையும் குறைவு. பால் சொட்டுச் சொட்டாக, மஞ்சளாக வந்தது.

"உது சரியில்லை, பிழிஞ்சு ஊத்து. நான் பால்மா வாங்கிக்கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடினேன்.

நான் போன கையோடு மனைவி, பிரசவம் பார்த்த மிட்வைஃபைக் கூப்பிட்டிருக்கிறாள். பால்மா ரின்னும் போத்தலுமாகத் திரும்பியபோது அவர் என்னை மறித்தார்.

"அண்ணை, உந்த மஞ்சள் பால்தான் பிள்ளைக்கு வேணும். நோயைத் தடுக்கிற சக்தி அதிலதான் இருக்கு. பிள்ளையின்ர வயிறு இப்ப பெடியள் உருட்டி விளையாடுற ஒரு போளை அளவுதான், இவ்வளவு காணும்."

"பிள்ளைக்குக் குடிக்கத் தெரியுமோ?"

"பேசாமல் நிண்டு பாருங்கோ."

மகளை மனைவியின் வெறும் நெஞ்சில் குப்புறக் கிடத்தினார். கண்ணைச் சரியாகத் திறக்காத பிள்ளை, காலால் உந்தி, தலையை ஆட்டி ஆட்டி, மெல்ல ஊர்ந்து, தானாகவே முலையைப் பிடித்துக் குடிக்கத் தொடங்கியது. ஜிபிஎஸ் வைத்துக்கொண்டும் கடலில் போட்ட வலையைக் கண்டுபிடிக்கத் தவறுகிறவன் நான். கையிலிருந்த ரின்னைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்தேன்.

இப்போது கரையில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும், "கடைக்குப் போக முதல் மிட்வைஃபைக் கேளுங்கோ" என்று சொல்லி, என் கதையையும் பகிடியாகச் சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள். மனைவி மட்டும் ஒருநாள் சொன்னாள்:

"அண்டைக்கு நான் உங்கட சொல்லைக் கேட்டிருந்தால் எங்கட பிள்ளைக்கு அந்தப் பால் இல்லாமல் போயிருக்கும். அதில சிரிக்க என்ன கிடக்கு?"