விழுந்துடுத்து

தொடர் ஓட்டத்தில் மூன்றாவதாக ஓடி வருகிறவள் "கை!" என்று கத்துவாள். நான்காவது ஆள் திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்ட வேண்டும். உள்ளங்கையில் குச்சி பட்டதும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். அந்த நான்காவது ஆள் நான். மாவட்டப் போட்டியில் குச்சி என் உள்ளங்கையில் நன்றாகவே பட்டது. நான்தான் பிடிக்கும் முன்பே ஓடிவிட்டேன்.

கைமாற்றும் பயிற்சி என்றாலே எனக்குச் சலிப்பு. முழங்கால் வலி என்று சொல்லிவிட்டு ஸ்டேடியத்துப் படியில் உட்கார்ந்து கடலை கொறிப்பேன்.

குச்சி கீழே விழுந்த அன்று, கோச் கொடுத்தவள், நான் இருவர் முன்னாலும் வந்து நின்றார். "ஆரா விட்டது?" என்று மலையாளத்தில் கேட்டார்.

"வீணுபோயி சாரே" என்றேன். வலியசாலையில் எங்கள் வீட்டில் அம்மா கேட்டபோது அதையே தமிழில் "விழுந்துடுத்து" என்றேன். இரண்டு மொழியிலும் அந்தச் சொல்லுக்கு ‘நான்’ தேவையில்லை. எவ்வளவு சௌகரியம்!

கொடுத்தவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திருநெல்வேலிப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்தவரின் மகள். விளையாட்டு விடுதியில் சாப்பாடும் படுக்கையும் கிடைத்ததால்தான் அவளால் ஓட முடிந்தது. கொடுத்த கைதான் சரியில்லை என்று கோச் முடிவு கட்டினார். அடுத்த பட்டியலில் அவள் பெயர் இல்லை. விடுதியைக் காலி செய்துகொண்டு போனாள். நான் கல்லுளிமங்கி மாதிரி பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் இடத்துக்கு வேறொருத்தி வந்தாள். அடுத்த போட்டியிலும் குச்சி விழுந்தது. ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம். நான் இவள் கையும் கோணல் என்றேன். கோச் மாதக்கணக்கில் கொடுக்கிற கையையே திருத்திக்கொண்டிருந்தார். பிடிக்கிற கையைத் திருத்த அவருக்கு யார் சொல்வது? சொல்ல வேண்டியவள் நான் ஒருத்திதான். பன்னிரண்டாம் வகுப்போடு என் ஓட்டம் முடிந்தது. கடைசி நாள் வரை எனக்குக் குச்சி பிடிக்கத் தெரியாது.

போன மாதம் கிழக்கேகோட்டையில் குக்கர் வாங்கப் போனேன். பாத்திரக்கடையில் எடுத்துக் கொடுக்கிற இடத்தில், அன்று விடுதியை விட்டுப் போன அவள் நின்றாள்.

"ஏட்டி, நீயா!" என்று சிரித்தாள். பேச்சையும் அவளே எடுத்தாள். "அன்னைக்கு நான்லா சீக்கிரம் விட்டுட்டேன். உன் ஓட்டமும் வீணாப் போச்சு. வீட்டுக்குப் போயி பூரிக்கட்டைய வச்சு, தங்கச்சிய முன்னால ஓடவிட்டு, ஒரு வருஷம் பழகினேன் கேட்டியா. கை சரியானா திரும்பக் கூப்பிடுவாங்கன்னு நெனச்சேன்."

செய்யாத தப்பை ஒரு வருஷம் திருத்தியிருக்கிறாள். இப்போதாவது சொல்லித் தொலை என்று மனசு அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தேன்.

"அது... விழுந்துடுத்துடீ."

அவள் தலையை ஆட்டிவிட்டுக் குக்கரை நீட்டினாள். நான் கையில் வாங்கிய பிறகும் அவள் விடவில்லை.

"பிடிச்சாச்சா?" என்றாள். பக்கத்தில் தட்டு வாங்கிய அம்மாளிடமும் சற்று முன் அப்படித்தான் கேட்டிருந்தாள்.

"பிடிச்சாச்சு" என்று நான் சொன்ன பிறகுதான் கையை எடுத்தாள்.