எம் போனுக்கு வந்த 'அப்பா'

செல்போன் ரிப்பேர்க் கடை வச்சா ஊர்ப்பட்ட போனு நம்ம மேசையில கத்தும். நம்ம சொந்த போன்தான் சத்தமில்லாமக் கிடக்கும். சிம்மக்கல்ல பன்னெண்டு வருசமா உக்காந்திருக்கேன். வீட்டுக்காரி போய்ச் சேந்துட்டா. ஒரே மகன் வடக்க வேலையில இருக்கான். அவன் பேசுனா அன்னைக்கு எனக்குத் தீவாளி. பேசணுமே! ஏமாத்துறவய்ங்கதான் நேரம் தவறாமக் கூப்புடுறாய்ங்க. உங்களுக்கும் அப்படித்தான? அப்பக் கேளுங்க.

ஃப்ரீ கரண்டு

சோழவந்தான் பக்கமிருந்து ஒரு சம்சாரி அண்ணே வேர்த்து விறுவிறுத்து வந்தாரு. "பில் கட்டல, இன்னைக்கே கரண்டைப் புடுங்குவோம்"னு மெசேஜாம். அதுல இருந்த நம்பருக்குப் பேசி, அவன் சொன்ன ஆப்பையும் ஏத்திட்டாரு. இவரு போன்ல என்னத்தத் தொட்டாலும் அவனுக்குத் தெரியும், அப்பேர்ப்பட்ட ஆப்பு. நெட்டை அமத்தி, ஆப்பை அழிச்சு, பேங்குக்குப் பேசிக் கணக்கை நிப்பாட்ட வச்சேன். நல்லவேளை, ஒண்ணும் போகல.

"எந்தக் கரண்டுக்குண்ணே பில்லு?"ன்னேன். தோட்டத்து மோட்டாருக்காம். அதுக்குத்தான் கவர்மெண்டு பில்லே போடுறதில்லையே! தலையச் சொறிஞ்சுக்கிட்டே சொன்னாரு:

"ஃப்ரீயாக் குடுக்குறதாலதான் தம்பி, எப்பப் புடுங்குவாய்ங்களோன்னு பயந்துக்கிட்டே கெடக்கேன்."

அழுத குரல்

சௌராஷ்டிரா அம்மா ஒருத்தவுக, ஜவுளி யாவாரக் குடும்பம். "உங்க மகனப் போலீஸ் புடிச்சு வச்சிருக்கு"ன்னு போன் வந்திருக்கு. பின்னாடியே மகன் குரல், "அம்மா, காப்பாத்தும்மா"ன்னு அழுகுது. அச்சு அசல் அவன் குரலாம். இப்ப அதையும் கம்ப்யூட்டர்ல செஞ்சுர்றாய்ங்களே! அந்தம்மா பட்டுன்னு கட் பண்ணிட்டு மகனைக் கூப்பிட்டா, அவன் ஆபீஸ்ல டீ குடிச்சுக்கிட்டிருக்கான். "எப்படிம்மா கண்டுபிடிச்சீக?"

"வீட்ல எங்க பாஷைதான் தம்பி. எம்மகன் எங்கிட்டத் தமிழ்ல அழுக மாட்டான்."

அசந்துட்டேன். உடனே எம்மகனுக்கு மெசேஜ் போட்டேன்: புது நம்பர்ல இருந்து நானே பேசுனாலும் குரலை நம்பாத, நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சதா ஒண்ணு கேளு. பதிலுக்குக் கட்டைவிரல் ஒண்ணைப் போட்டான், அம்புட்டுத்தான்.

குட்மார்னிங்

திருநகர்ல இருந்து ஒரு ரிடையர்டு சார். முகம் தெரியாத பொண்ணு ஒண்ணு தினம் மெசேஜ் போட்டு, ஷேர்ல பணம் போடச் சொல்லுது. "இன்னும் போடலைல்ல சார்? பிளாக் பண்ணிருவோம், குடுங்க"ன்னு கைய நீட்டுனேன். போனை இறுக்கிப் புடிச்சுக்கிட்டாரு.

"பிளாக் பண்ணிட்டா, நாளைக்குக் காலையில எனக்கு யாரு தம்பி குட்மார்னிங் போடுவா?"

எனக்கே வந்தது

போன சித்திரையில எனக்கே வந்துச்சு. "அப்பா, போன் ஒடஞ்சுருச்சு. இது புது நம்பர். சாப்டீங்களா?" பாத்தவுடனே தெரிஞ்சுருச்சு, பிராடு. எம்மகன் சாப்டீங்களான்னு கேக்குற ஆளே இல்ல. இருந்தும் "சாப்ட்டேன்ப்பா, நீ?"ன்னு அடிச்சேன். வெக்கத்த விட்டுச் சொல்றேன், மூணு நாளு பேசுனேன். ஆசையா இருந்துச்சு.

நாலாம் நாளு அவன் பணம் கேட்டான். பக்கத்து ஜூஸ் கடைக்காரன் எட்டிப் பாத்துட்டு, "ஊருக்கெல்லாம் புத்தி சொல்ற ஆளாடா நீ!"ன்னு போனைப் புடுங்கி பிளாக் பண்ணுனான். "ஒழுங்கா நெசமான மகன்ட்ட பேசு மாப்ள"ன்னு, எம்மகன் நம்பரைப் பாத்துத் தன் போன்ல போட்டு எங்காதுல வச்சான்.

"அப்பா பேசுறேன்ப்பா."

"இது எங்கப்பா நம்பர் இல்லையே. எங்கப்பாதான்னா, நான் கடைசியா எப்பப் போன் பண்ணேன், சொல்லுங்க."

நான் சொல்லிக்குடுத்த பாடம்! யோசிக்கவே இல்ல நான். "கார்த்திகைக்கு மறுநாளு, காலையில. நாலு நிமிசம். அதுலயும் ஒரு நிமிசம் என்னைய லைன்ல நிறுத்திட்டு ஆபீஸ் ஆளுட்டப் பேசுன."

அவன் மெதுவாச் சொன்னான்:

"அப்பாதான்."

பாஸ்வேர்டை அடிக்கடி மாத்துங்கன்னு கடைக்கு வாரவுகளுக்கெல்லாம் சொல்றேன், எம் கார்த்திகைப் பாஸ்வேர்டை மாத்துறது மட்டும் எம்மகன் கையில இருக்கு.