சுமோவுக்குக் கண் வாங்கிய கோட்டைச்சாமி

டூமைக் காதோரம் வைத்துக்கொண்டு நகத்தால் தட்டினார் கோட்டைச்சாமி. கண்ணை மூடிக் கேட்டார். மூக்கருகே கொண்டுபோய் ஒரு இழுப்பு மோந்தார். பிறகு, சம்பந்தம் பேசப் போன வீட்டில் காபி பிடிக்காதவரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு அதைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இது இன்னும் வேகலண்ணே. வேற எடுங்க."

"பிளாஸ்டிக்குய்யா இது. பணியாரமா, வேகுறதுக்கு?" என்றார் காமராஜ். தேனியில் பழைய வண்டிகளுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் கடை அவருடையது. மேசைமேல் ஏற்கெனவே நாலைந்து அட்டைப்பெட்டிகள் வாயைப் பிளந்து கிடந்தன.

டூம் என்பது ஹெட்லைட் பல்பு உட்கார்ந்திருக்கும் கூடு. முன்னால் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக், உள்ளே வெள்ளிப்பூச்சு. கோட்டைச்சாமியின் பழைய சுமோவில் இடதுபக்க டூம் உடைந்துபோனது. உடைத்தது ஒரு பலாப்பழம். ஏலக்காய்த் தோட்டத்தில் நிழலுக்காக மரத்தடியில் வண்டியை நிறுத்தியிருக்கிறார். "வண்டில வந்த பொம்பளைக அம்புட்டுப் பேரும் அந்தப் பழத்த அறுத்துத் தின்னுட்டு, சொளை நல்ல ருசின்னு சொன்னாக சார். ஒருத்தராச்சும் வெளக்கப் பாக்கணுமே!" என்று துணைக்குக் கூட வந்திருந்த என்னிடம் புலம்பினார். வலதுபக்க டூம் உடையவில்லை. ஆனால் வெயிலில் பழுத்து மோர்க்குழம்பு நிறத்துக்கு வந்திருந்தது. உள்ளே பல்பு எரிகிறது என்பதை அவர் சொல்லித்தான் நம்பவேண்டும்.

ஊர் அனுமந்தன்பட்டி. விடியுமுன் கிளம்பி, வழியில் காத்து நிற்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு, கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறி, கேரளத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிடுவார். சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவார். டூம் உடைந்த மறுநாள் மலையில் மூடுபனி. ஒற்றை விளக்கை நம்பித் தடவித் தடவி ஏறியவர், ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே வந்த லாரியை உரசாமல் தப்பியதே பெரிய பாடு. அன்றைக்கே, வண்டியில் முன்சீட்டு உரிமை கொண்டாடும் பஞ்சம்மாள் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"கொழுந்தனாரே, திங்கக்கெழமைக்குள்ள வெளக்க மாத்திப்புடுங்க. இல்ல, நாங்க அம்புட்டுப் பேரும் வினோத்ராஜு வண்டிக்குப் போயிருவோம். அப்புறம் கோவிச்சுக்கப்படாது."

வினோத்ராஜ் புது வண்டிக்காரர். "அவென் வண்டில ஏசி இருக்கு சார். எங்கிட்ட என்ன இருக்கு? இந்தப் பொம்பளைகதேன் இருக்காக" என்றார் கோட்டைச்சாமி. நாள் முழுக்க என்னைச் சிரிக்கவைத்த மனிதர், இதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கவில்லை.

டிரைவர் ஆவதற்கு முன்னால் அவர் ஆட்டுத் தரகர். ஆண்டிபட்டிச் சந்தையில் ஆடு பிடித்த விரல்கள் இன்னும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. டூமை வண்டியோடு பிணைக்கும் முனைகளுக்கு மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பெயர் காது. அந்தக் காதுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து முறுக்கிப் பார்த்தார். வாயைப் பிளந்து பல் பார்க்க வழியில்லாததால், பின்பக்கத்து ரப்பர் மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார். அடுத்து தண்ணீர்ப் பரீட்சை. கடைவாசலில் உட்கார்ந்து பாட்டில் தண்ணீரை டூமின் ஓரங்களில் ஊற்றி ஊற்றி, எங்கே உள்ளே இறங்குகிறது என்று பார்த்தார்.

"அண்ணே, கடைய நனைக்காதீக" என்று காமராஜ் கெஞ்சினார்.

"மேட்டுல பனி இதவிட நனைக்கும்ணே. போன தடவ நீங்க குடுத்ததுல தண்ணி ஏறி, மீன் விடலாம்போல இருந்துச்சு. ஒரு வண்டு உள்ள குடும்பமே நடத்திருச்சு."

ஒரிஜினல் வேண்டுமென்றால் சொல்லிவைத்து வரவழைக்க வேண்டும், திங்கட்கிழமைக்குள் வராது. மதுரைக் காயலான் கடைச் சரக்கு ஒன்று இருந்தது, அதுவும் மோர்க்குழம்புதான். உள்ளே கறுப்பு பூசி, மேலே நீலத்தில் புருவம்போல எரியும் ஒரு ஜோடியைக் காமராஜ் ஆசையோடு காட்டினார். கோட்டைச்சாமி அதைத் தொடவே இல்லை. "இந்த வயசுல இதுக்கு மை பூசி எங்கண்ணே அனுப்புறது?"

உடைந்த பக்கத்துக்கு மட்டும் ஒன்று வாங்கினால் போதுமே என்று நான் யோசனை சொன்னேன். மனிதர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஒரு கண்ணு புதுசு, ஒரு கண்ணு பழசுன்னா, எதுக்க வாரவன் எங்கிட்டுப் பாத்து ஒதுங்குவான் சார்?" மறுபடி எல்லாப் பெட்டிகளையும் திறக்கச் சொன்னார். டீ குடித்துவிட்டு வந்தார். வந்து இன்னொரு முறை தட்டிக் கேட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், என் கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு யோசிக்கவில்லை. எனக்கு எரிச்சல் முட்டிக்கொண்டு வந்தபோது, பெயர் தெரியாத கம்பெனியின் சாதா வெள்ளை டூம் ஜோடி ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தார். அது எல்லாப் பரீட்சையும் தேறியிருந்தது.

சாயங்காலம் மெக்கானிக்கும் அவருமாக மாட்டி முடித்து, ஒரு கல்யாண மண்டபத்துச் சுவரில் வெளிச்சத்தை அடித்து, ஏற்றி இறக்கிச் சரிபார்த்தார்கள். பல்பு பழையதுதான். ஆனாலும் சுவரில் ஒட்டிய பூப்புனித நீராட்டுப் போஸ்டரில் தாய்மாமன்கள் பெயரெல்லாம் தெளிவாகப் படிக்க முடிந்தது. "இந்த மாதிரி வண்டிக்கு எஸ்யூவின்னு பேராம்ல சார்? இன்னைக்குத்தேன் அப்படித் தெரியுது" என்று வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

திங்கட்கிழமை விடியுமுன் நானும் கூடப் போனேன். விளக்கு இரண்டும் ரோட்டைத் துடைத்து வைத்ததுபோலக் காட்டின. அவருக்கோ பெருமை தாங்கவில்லை. முதல் நிறுத்தம் ஊர் எல்லைப் புளியமரம். பஞ்சம்மாளும் இன்னும் சிலரும் தூக்குச்சட்டியோடு நிற்கும் இடம். அன்று யாருமே இல்லை. வண்டியை நிறுத்தி, விளக்கை இன்னும் பிரகாசமாக்கி, அக்கம்பக்கம் பார்த்தார். கொஞ்சநேரம் காத்திருந்துவிட்டு நகர்த்தினார். அடுத்த நிறுத்தத்திலும் ஆள் இல்லை.

"போயிட்டாக" என்றார். குரல் இறங்கிவிட்டது. "திங்கக்கெழமைன்னு சொன்னாக. நானும் மாத்திட்டேன்ல சார்? ஒரு நா பொறுக்கக்கூடாதா?" வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பின்சீட்டுகள் காலியாகக் குலுங்கும் சத்தம் கேட்கச் சகிக்கவில்லை. எனக்கும் பஞ்சம்மாள்மேல் கோபம் வந்தது.

அப்போது அவர் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். பஞ்சம்மாளேதான். மூச்சு வாங்க, ரகசியக் குரலில் பேசினார்.

"கொழுந்தனாரே, எங்கன இருக்கீக? வராதீக, அங்கனயே நில்லுங்க! செக்கிங் ஜீப்பு போகுது. ரெண்டு கண்ணும் கொள்ளிவாய்ப் பிசாசாட்டம்! நம்ம மரத்தடியில நின்னு நோட்டம் வேற பாத்துச்சு. நாங்க அம்புட்டுப் பேரும் மரத்துக்குப் பின்னாடி இருக்கோம்."

சுமோவில் சீட்டுக் கணக்கைவிடக் கூடுதலாகத்தான் ஆள் ஏறும். அதிகாரிகள் பிடித்தால் எல்லோரையும் இறக்கிவிடுவார்கள். அன்றைய வேலை போய்விடும். அதனால் பளிச்சென்ற விளக்கைக் கண்டால் ஒளிந்துகொள்வது அந்தப் பெண்களுக்குப் பழக்கமாகிவிட்டது. கோட்டைச்சாமியின் வண்டி பளிச்சென்று வரும் என்று யார் கண்டது?

"மதினி, அது நாந்தேன்" என்றார் கோட்டைச்சாமி.

"எது?"

"அந்த ஜீப்பு. நாந்தேன். வெளக்கு மாத்திட்டேன்ல?"

போனில் குரல் இன்னும் தணிந்தது. "கொழுந்தனாரே, பிடிச்சுட்டாகளா? ஆபீசரு பக்கத்துல உக்காந்து இப்படிப் பேசச் சொல்றாரா? ஆமான்னா ஒரு தடவ இருமுங்க."

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்ததில் கோட்டைச்சாமிக்கு நிஜமாகவே புரையேறிவிட்டது. இருமினார். போன் பட்டென்று அணைந்தது. திரும்பக் கூப்பிட்டால் எடுப்பார் இல்லை.

வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து புளியமரத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தினார். மரத்தடியில் ஒருவரும் இல்லை. இறங்கியவர் விளக்கை அணைக்கவில்லை. வெளிச்சத்துக்குள்ளேயே நடந்து, மரத்தைத் தாண்டிப்போய், மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருப்பவர்களுக்குத் தன் முகம் தெரியும்படி, நன்றாக வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து வண்டியை நோக்கித் திரும்பி நின்றார். மடித்துக் கட்டியிருந்த கைலியை மரியாதையாக இறக்கிவிட்டார். இடதுபக்கம் திரும்பிக் காட்டினார். வலதுபக்கம் திரும்பிக் காட்டினார். பிறகு நேராக நின்று, கண் கூசி நீர் வழிய வழிய, முகத்தை நன்றாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.