அது தரை இல்லை

காலை பத்து நாற்பதுக்கு எங்கள் தெருச் சாக்கடை எதிர்த்து வரத் தொடங்கியது. பக்கத்து வீட்டுக் குளியலறையில் கறுப்புத் தண்ணீர் ஏறியது. பிள்ளை பெற்றவள் இருக்கும் வீடு. கழிவுநீர் உறிஞ்சும் லாரிக்குச் சொல்லியும் எப்போது வரும் என்று தெரியவில்லை. நானே பார்த்துவிடலாம் என்று தெரு முனையில் இருந்த சாக்கடைக் குழியின் மூடியைக் கடப்பாரையால் நெம்பினேன்.

மரக்காணம் உப்பளத்தில் எனக்கு மேற்பார்வை வேலை. பாத்தியில் கழியை விட்டால் எங்கே இறுகுகிறதோ அதுதான் தரை, மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்திய களிமண். அந்தப் பழக்கத்தில் உப்பு வாரும் பலகையின் நீளக் கழியைக் குழிக்குள் விட்டேன். இடுப்பளவில் நின்றது.

“இவ்ளோதான் ஆழம். இறங்கி அடைப்பை எடுத்துடறேன்” என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி, விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டேன்.

பின்னாலிருந்து யாரோ சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்கள். என் மகள். சாக்கடைக் குழாய்களில் படியும் வண்டலை அளப்பதுதான் புதுச்சேரியில் அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீட்டில் இருந்தாள்.

“அது தரை இல்லப்பா. எழுந்திரு.”

“உப்பளத்துக்காரனுக்கே தரையைக் காட்டுறியாம்மா?” என்று பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவள் எங்களைக் காற்று வரும் பக்கமாகத் தள்ளி நிற்க வைத்தாள். பிறகு எட்டி நின்று கழியை ஓங்கி இறக்கினாள். இறுகியிருந்தது உடைந்து, கழி இன்னும் ஓர் ஆள் ஆழம் போனது. குமிழிகள் பொங்கின. அழுகிய முட்டை நாற்றம் நாங்கள் நின்ற இடத்துக்கே வந்து முகத்தில் அடித்தது. சிரிப்பு நின்றது.

கழியை வெளியே இழுத்துப் போட்டாள். நுனியில் சாம்பல் மணல், அதற்கு மேல் கறுப்புச் சேறு, அதற்கும் மேல் வெளுத்த பிசுக்கு.

“மணல் கனம், முதல்ல படியும். மேல எண்ணெயும் சோப்பும் காஞ்சு தட்டாயிடும். நடுவுல சேறு அழுகி விஷவாயு சேரும். நீ அந்தத் தட்டுலதான் காலை வைக்கப் போன.”

பாத்தியில் எது முதலில் படியும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் ஏமாந்தேன். அவள் ஏமாறவில்லை. நான் குழியை விட்டு இன்னும் இரண்டடி தள்ளி நின்றேன். அவளோ லாரிக்காரர்களுக்கு மறுபடி போன் செய்து, ஆழத்தையும் நாற்றத்தையும் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். என் பெண் என்று அந்தத் தெருவுக்கே உரக்கச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

மதியம் உறிஞ்சும் லாரி வந்தது. ஓட்டுநர் முதலில் கழியைப் பார்த்தார், பிறகு என்னை.

“இறங்கினீங்களா சார்?”

“இறங்கப் போனேன். பொண்ணு இழுத்துட்டா.”

அவர் அவளைப் பார்த்துத் தலையாட்டினார்.

“இந்த மாதிரி குழிக்கு எங்களைக் கூப்பிட்டா ஆளைத் தூக்கத்தாம்மா கூப்பிடுவாங்க. இன்னிக்கு சேறு மட்டும் எடுத்துட்டுப் போறோம்.”